144 பேருக்கு ஓர் ஆங்கில வகுப்பு: டெல்டா அரசுக் கல்லூரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில், முதலாண்டு ஆங்கில வகுப்பு அளவுக்கு மீறிப் பெருத்துப்போனபோது என்ன நடந்தது, அதற்கு ஆங்கிலத் துறை என்ன செய்தது என்பதை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. ஊர், கல்லூரி, ஆட்கள் எதன் பெயரையும் குறிப்பிடவில்லை. நான் அதே கல்லூரியில் வேறொரு துறையில் பணியாற்றுகிறேன். துறைத்தலைவர் கேட்டுக்கொண்டதால் கூட்டங்களில் குறிப்பெடுத்தேன். சில வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன்.

டெல்டாவுக்குக் கல்லூரி புதிதல்ல. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது. தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் 2009இல். இப்போது மாறியிருப்பது உள்ளே வருகிறவர்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடவுக்குப் போகும் அம்மாவின் மகள், வீட்டில் முதல் ஆளாக, மூன்று ஆறு தாண்டிக் கல்லூரிக்கு வருகிறாள். வரவேண்டியதுதான். வந்தபின் எங்கே உட்காருகிறாள் என்பதைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

கல்லூரியில் பி.ஏ. வரலாறு, பி.ஏ. பொருளியல் இரண்டுக்கும் தலா 60 இடங்கள். அண்மை ஆண்டுகளில் அரசுக் கல்லூரிகள் 20 சதவீதம் வரை இடங்களைக் கூட்டிக்கொள்ள அரசு அனுமதித்து வருவதால், 60 என்பது 72 ஆனது. முதன்மைப் பாடங்களில் இந்த 72 பேர் தனியாக உட்காருகிறார்கள். ஆனால் பொது மொழிப் பாடங்களான பார்ட் ஒன் தமிழும் பார்ட் டூ ஆங்கிலமும் இரண்டு துறைகளையும் சேர்த்து நடத்தப்படும். ஆக 144 பேர். கல்லூரி மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஆசிரியர்-மாணவர் விகிதம் என்று ஓர் எண் இருக்கும். அதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த 144 கண்ணில் படாது. 12 பேர் படிக்கும் முதுகலை வகுப்பும் இதுவும் சேர்ந்து சராசரியாகிவிடும். மாணவர் யாரும் சராசரியில் உட்கார்ந்து படிப்பதில்லை.

ஆங்கிலத்துக்கு ஆறு நாள் டே ஆர்டரில் (கிழமைப்படி இல்லாமல், முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு வேலை நாள் சுழலும் அட்டவணை) ஆறு மணி நேரம். ஒரு மணி நேரம் என்று சொன்னாலும் 50 நிமிடம்தான். கல்லூரி இரண்டு ஷிஃப்டில் நடக்கிறது; காலை ஷிஃப்ட் முடிந்த கையோடு அதே அறைகளில் மாலை ஷிஃப்ட் மாணவர்கள் வந்து உட்காருவார்கள். அதனால் வகுப்பு முடிந்து தனியாக வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தக் கதையில் பலமுறை குறுக்கே வந்தது இந்த அறைப் பஞ்சம்தான்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை

ஜூலையில் தொடங்கியபோது வகுப்பில் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடக்கும். கூடுதல் இடங்களுக்கான அனுமதி கைக்கு வந்தபோது வகுப்புகள் தொடங்கி நாளாகியிருந்தது. ஆகஸ்ட் கடைசிவரை வாரா வாரம் புது முகங்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியாகச் சேர்ந்தவர்கள் உள்ளே வருவதற்குள் முதல் அலகு முடிந்துவிட்டது. அவர்களுக்காக அதைத் திரும்ப நடத்த நேரமில்லை.

வகுப்பு நடந்தது படிவரிசை போட்ட பழைய கேலரி ஹாலில். நெருக்கி உட்கார்ந்தால் 110 பேர் கொள்ளும். மிச்சப் பேர் ஜன்னல் திட்டிலும் கதவோரத்திலும் ஒரு பெரிய தூணுக்குப் பின்னாலும் இடம் பிடித்தார்கள். தூணுக்குப் பின்னால் இருந்தால் கரும்பலகை பாதிதான் தெரியும். மைக் இருந்தது, போட்டால் மின்விசிறிச் சத்தத்தோடு ஒரு இரைச்சலும் சேர்ந்துகொண்டது. பாடம் நடத்திய உதவிப் பேராசிரியை மைக்கை ஒதுக்கிவிட்டுக் குரலை உயர்த்திப் பேசினார். ஆகஸ்டில் அவருக்குத் தொண்டை கட்டிப் பல நாள் பேச முடியாமல் போனது.

வருகைப் பதிவுக்கு 144 பெயரையும் வாசித்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போய்விடும், அதாவது வகுப்பில் கால்வாசி. அதனால் தாளைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கம் வந்தது. கல்லூரியில் பெரிய வகுப்பு எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். யாரும் இதைக் குறையாகக் கூட நினைக்கவில்லை.

பின்வரிசையில் உட்கார்ந்தபோது நான் எதிர்பார்த்தது அரட்டை. அது இருந்தது, ஆனால் குறைவு. ஒரு மாணவி பொருளியல் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருந்தாள். முந்தின இரவு கேட்டரிங் வேலைக்குப் போய்வந்த இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு சிலர் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள், எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியாமல். ஆசிரியை கேள்வி கேட்டால் முன்வரிசையில் வழக்கமாகப் பேசும் ஐந்தாறு பேர் பதில் சொன்னார்கள். அவர் பார்வையில் வகுப்பு உயிரோடுதான் இருந்தது. துறையில் இந்தப் பின்வரிசைகளுக்குக் 'கடைமடை' என்றே பெயர். முறை வைத்துத் தண்ணீர் விட்டாலும் அங்கே எட்டாது என்று ஒரு மூத்த ஆசிரியர் சொல்வார்.

செப்டம்பர் தொடக்கத்தில் முதல் இன்டர்னல் தேர்வு. ஒரு விடைத்தாளைப் பிழை திருத்தி, ஓரத்தில் இரண்டு வரி எழுத ஏழு நிமிடம் என்று வைத்தால், 144 தாளுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரத்தில் நேரடி வகுப்பே 16 மணி நேரம்தான். இது அவர் எடுக்கும் வகுப்புகளில் ஒன்று. ஆக, தாள்கள் மதிப்பெண் மட்டும் போட்டு, இரண்டாம் தேர்வு முடிந்த பிறகே திரும்பக் கிடைத்தன. எதற்காக மதிப்பெண் குறைந்தது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. தெரிந்தாலும் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தாள்களைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடையில் விற்கும் நோட்ஸில் ஒரு கட்டுரையில் நடுவில் ஒரு வரி விடுபட்டிருந்தது. அதே வரி விடுபட்ட அதே கட்டுரை, வெவ்வேறு கையெழுத்தில், தாளுக்குத் தாள் வந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்யத் தெரியாதவர்கள் அந்தக் கேள்வியை வெற்றாக விட்டிருந்தார்கள். வரலாற்றுத் தாளைத் தமிழில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவி ஒருத்தி அப்படி விட்டவர்களில் இருந்தாள். ஏன் வகுப்பில் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "நூத்தி நாப்பது பேரு முன்னாடி எந்திரிச்சு, எனக்கு ஆரம்பிக்கவே தெரியலன்னு எப்படி சார் கேக்குறது?"

திருப்பூருக்குப் போன மாணவர்

செப்டம்பர் நடுவில் ஒரு தந்தை துறைக்கு வந்தார். மகனுடைய டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் வேண்டும், வேலை பார்க்கும் இடத்தில் கேட்கிறார்கள் என்றார். மகன் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

வருகைத் தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெயருக்கு நேரே பெரும்பாலான நாட்களில் கையெழுத்து இருந்தது. கூடப் படிக்கும் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். விசாரித்தபோது ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். தீபாவளிக்கு வந்தவன் அப்படியே இருந்து தேர்வெழுதிவிடுவான், அதுவரை வருகை 75 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தார்களாம். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. நட்புக்காகச் செய்த தப்பு. ஆசிரியையை உலுக்கியது வேறு. தந்தை கைப்பேசியில் மகனின் படத்தைக் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. இருந்தபோதும் தெரியாது, போனபிறகும் தெரியவில்லை.

முதல்வர் முதலில் சொன்னது அந்த இரண்டு மாணவர்களையும் சில நாள் வகுப்புக்கு வரவிடாமல் நிறுத்தி வைக்கலாம் என்று. துறைத்தலைவர் வேண்டாம் என்றார். பெற்றோரை வரவழைத்து, எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இந்த முடிவு சரியென்றே படுகிறது. தாளைச் சுற்றுக்கு விட்ட நாளிலேயே வருகைப் பதிவு மாணவர் கைக்குப் போய்விட்டது. அதற்கு இரண்டு பேரை மட்டும் பிடித்துத் தண்டித்தால் மற்றவர்கள் இன்னும் கவனமாகச் செய்வார்கள், அவ்வளவுதான்.

துறைக் கூட்டம்

அக்டோபரில் இதற்கென்றே கூடினார்கள். துறையில் நிரந்தர ஆசிரியர்களைவிடக் கௌரவ விரிவுரையாளர்கள் அதிகம். இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்தது துறைத்தலைவரின் நல்ல வேலை.

வகுப்பை இரண்டாக உடைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றியது. அதற்கு ஆறு மணி நேரம் கூடுதலாக வேண்டும். ஆள் இல்லை, அறையும் இல்லை. கூடுதல் பணியிடம் கேட்டுக் கருத்துரு அனுப்பலாம் என்றார்கள், அனுப்பினார்கள். அது வரும்போது வரட்டும், டிசம்பரில் இரண்டாம் பருவம் தொடங்குகிறதே.

ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் என்று தரம் பிரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மூத்த ஆசிரியர் கடுமையாக மறுத்தார். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன் ஆங்கிலத்தில் தவறித்தான் அந்த உதவித்தொகையை இழந்தார், அவரை எந்தப் பிரிவில் போடுவீர்கள் என்று கேட்டார். இராமானுஜனை இழுக்காமல் டெல்டாவில் கல்லூரிக் கூட்டம் எதுவும் முடிவதில்லை என்றாலும், அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. தரம் பிரித்தால் பின்தங்கிய பிரிவில் பெரும்பாலும் தமிழ் வழியில் படித்த வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் இருப்பார்கள். முதலாண்டிலேயே முத்திரை குத்தியது போலாகிவிடும்.

பாடங்களைப் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போடும் யோசனை வந்தது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருக்கும் பிள்ளைகளுக்கு அது உதவாது என்று விட்டார்கள்.

திருப்பம் ஓர் இளம் கௌரவ விரிவுரையாளர் கேட்ட கேள்வியில் வந்தது. "144 பேரை வெச்சுக்கிட்டு எதைச் செய்ய முடியாது, எதைச் செய்ய முடியும்னு பிரிச்சுப் பார்க்கலாமா?" பாடத்தை விளக்குவது, கவிதையை வாசித்துக் காட்டுவது எல்லாம் 70 பேருக்குச் செய்தாலும் 144 பேருக்குச் செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, காது கேட்கும் அறை இருந்தால். செய்ய முடியாதது ஒன்றுதான்: ஒருவர் எழுதியதைப் படித்து, தப்பைக் காட்டி, கையில் திருப்பிக் கொடுப்பது. அந்த ஒன்றுக்கு மட்டும் சிறு குழு போதும் என்றார்.

பெரிய வகுப்பில் மாணவரைப் பேசவைக்கும் வழியையும் அவரே சொன்னார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்ட முறை அது: கேள்வி ஒன்றைப் போட்டு, தனித்தனியாக விடை தேர்ந்தெடுக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, மறுபடி தேர்ந்தெடுக்கச் சொல்வது. இதுபோல மாணவரை ஈடுபடுத்தும் வகுப்புகள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளியான கட்டுரை, வெறும் விரிவுரையில் தோல்வி விகிதம் ஏறத்தாழ 34 சதவீதம், ஈடுபடுத்தும் வகுப்பில் 22 சதவீதம் என்று காட்டியது. அது அறிவியல், கணக்கு, பொறியியல் வகுப்புகளைப் பற்றியது, மொழி வகுப்பைப் பற்றியது இல்லை என்று துறைத்தலைவர் உடனே சுட்டிக்காட்டினார். முயன்று பார்ப்பதில் நட்டமில்லை என்ற அளவில் ஏற்றுக்கொண்டார்கள்.

எடுத்த முடிவு

ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் 144 பேரும் சேர்ந்து கேலரி ஹாலில். மற்ற நான்கு மணி நேரத்துக்கு வகுப்பை 36 பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிப்பது. அந்த ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு குழு உதவிப் பேராசிரியையிடம் எழுத்துப் பயிற்சிக்குப் போகும். இரண்டு குழுக்கள் கௌரவ விரிவுரையாளரிடம் பாடம் வாசிக்கும். ஒரு குழு நூலகத்தில் கொடுத்த வேலையைச் செய்யும். டே ஆர்டர் ஒரு சுற்று முடிவதற்குள் எல்லாக் குழுவும் எல்லா இடத்துக்கும் போய்வந்துவிடும். உதவிப் பேராசிரியைக்கு அதே ஆறு மணி நேரம், கூடவில்லை.

கௌரவ விரிவுரையாளரின் நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் சிக்கல். இரண்டாமாண்டு கணிதம், இயற்பியல் மாணவர்கள், தலா 48 பேர், ஆங்கிலத்துக்குத் தனித்தனி வகுப்பில் இருந்தார்கள். ஆறில் நான்கு மணி நேரத்துக்கு அவர்களை ஒன்றாக்கி 96 பேர் ஆக்கினார்கள். ஓர் இடத்தில் 36 ஆக்குவதற்காக இன்னோர் இடத்தில் 96. முதலாண்டில்தான் மாணவர் நழுவிப்போகிறார்கள், இரண்டாமாண்டு அறிவியல் மாணவர் சமாளித்துக்கொள்வார்கள் என்பது துறைத்தலைவரின் வாதம். வாதம் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த 96 பேரிடம் யாரும் கேட்கவில்லை.

எழுத்துப் பயிற்சிக்கு முதுகலை வகுப்பறையை, அவர்கள் கணினி ஆய்வகத்தில் இருக்கும் நேரம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். வீட்டுப்பாடம் வாங்கித் திருத்துவது கிடையாது. வகுப்பிலேயே எழுதுவார்கள், ஆசிரியை பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியவரிடமே பேசித் திருத்துவார். ஒரு நோட்டுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்தால் 50 நிமிடத்தில் 18 பேர், பாதிக் குழு. மறு பாதி அடுத்த சுற்றில். விடைத்தாள் கட்டு வீட்டுக்குப் போகாது என்பதே இதன் உயிர்நாடி.

குழு பிரித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வரிசை எண்படி பிரிப்பதுதான் வழக்கம். இவர்கள் பஸ் வழித்தடப்படி பிரித்தார்கள். கடலோர ஊர்களிலிருந்து வருகிறவர்களின் பஸ் முதல் மணி அடித்த பிறகே வரும். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி மூன்றாம், நான்காம் மணியில். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து டவுன் பஸ்ஸில் சீக்கிரம் வருகிறவர்களுக்கு முதல் மணி. வரலாறும் பொருளியலும் தானாகக் கலந்தன. ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதால் ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று குழுவில் யாருக்காவது தெரிந்திருந்தது.

டிசம்பர் முதல் மார்ச் வரை

முதல் இரண்டு வாரம் மழை விடுமுறையில் குளறுபடி. டே ஆர்டர் தள்ளிப்போனதால் யார் எங்கே போகவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. துறைக் கதவில் ஒட்டிய அட்டவணையை எல்லோரும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டபின் சரியானது.

எழுத்துப் பயிற்சி வகுப்பில் முதல் நாள் கொடுத்த வேலை: காலையில் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்ததைப் பத்து வரியில் எழுதுவது. நோட்ஸில் இல்லாத தலைப்பு வேண்டும் என்றே இதைத் தேர்ந்தார்கள். பலர் இரண்டு வரியில் நின்றார்கள். ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்தபோது, தமிழில் சொல்லச் சொல்லி, அதையே சின்னச் சின்ன வாக்கியமாக்கிக் காட்டினார். இரண்டாம், மூன்றாம் சுற்றில் எழுதத் தொடங்குவதற்கு எடுத்த நேரம் குறைந்ததைப் பார்த்தேன். முதல் பருவத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வரலாற்று மாணவி ஒருத்தி பிப்ரவரியில் அரைப் பக்கம் எழுதினாள். இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் குழம்பித்தான் இருந்தது, ஆனால் சொந்த எழுத்து.

முகம் பார்த்து வருகை எடுத்தபோது, பெயர் மட்டும் இருந்து ஆள் வராத இன்னும் சிலர் முதல் மாதத்திலேயே வெளியே தெரிந்தார்கள். குழுவில் இருந்தவர்களே விவரம் சொன்னார்கள். ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஒருவர் அறுவடை இயந்திரத்தோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஆசிரியை கூப்பிட்டுப் பேசியதில், தை அறுவடை முடிந்ததும் திரும்பி வந்தார். நிச்சயமான மாணவியின் வீட்டுக்குத் துறைத்தலைவர் பேசினார். அவள் தேர்வு மட்டும் எழுதினாள். மற்றவர்கள் திரும்பவில்லை.

கேலரி ஹாலில் கேள்விக்கு விரல் காட்டும் முறை எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. நான்கு விடையில் எது என்று நெஞ்சுக்கு நேரே ஒன்று முதல் நான்கு விரல் காட்டவேண்டும். பின்வரிசையில் இருப்பவர் முன்வரிசையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. பக்கத்தில் பேசச் சொன்னால் தமிழில்தான் பேசினார்கள். தடுக்கவில்லை.

நூலக மணி தோற்றது. வாசிப்பறையில் நாற்காலி போதவில்லை. வரும் குழுவைக் கவனிக்க நூலகருக்கு ஆளில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, கடைசி மணியில் நூலகம் விழுந்த குழு நேரே பஸ் நிலையத்துக்குப் போனது. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் இரண்டு பேரை நிறுத்தி, வெளியே போகும்போது ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று வைத்தபிறகு கொஞ்சம் தேறியது. ஆய்வாளர்களுக்கு இது சம்பளமில்லாத வேலை என்பதையும் சொல்லவேண்டும்.

பிப்ரவரி நடுவில் பெரிய அடி. 72 பேரை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்த கௌரவ விரிவுரையாளர், இந்த யோசனைக்கே விதை போட்டவர், ஒரு தனியார் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டார். தொகுப்பூதியத்தில், ஆண்டுக்காண்டு நீடிக்குமா என்று தெரியாத வேலையில் இருப்பவர் வேறென்ன செய்வார்? மார்ச் தொடக்கம்வரை அந்த இரண்டு குழுக்களுக்கு யார் கிடைத்தார்களோ அவர்கள் வந்தார்கள். சில நாள் யாரும் வரவில்லை.

அதே சமயத்தில் இரண்டாமாண்டு கணித, இயற்பியல் மாணவர்கள் முதல்வரிடம் மனுக் கொடுத்தார்கள். முன்பு தங்கள் நோட்டை மேம் பார்ப்பார்கள், இப்போது பார்ப்பதில்லை என்பதே மனுவின் சாரம். முதலாண்டுக்காரர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது, இவர்களிடமிருந்து எடுத்தது.

விளைவு

பருவத் தேர்வில் ஆங்கிலத் தேர்ச்சி முந்தைய பருவத்தைவிடக் கூடியது. கல்லூரிக் கூட்டத்தில் இதைப் பாராட்டிப் பேசினார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆள் வராத பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கியதாலேயே சதவீதம் கொஞ்சம் ஏறியிருக்கும். வினாத்தாளும் வேறு. 75க்கு 30 எடுத்தால் தேர்ச்சி என்ற கோட்டுக்கு மேலும் கீழுமாக நிறையப் பேர் இருக்கும் வகுப்பில், இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றிரண்டு எளிதாக வந்தாலே முடிவு மாறும்.

நம்பக்கூடியது இன்டர்னல் தாள்களில் தெரிந்தது. கட்டுரைக் கேள்வியை வெற்றாக விட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். நோட்ஸ் கட்டுரை முழுக்க ஒழியவில்லை. ஆனால் அதோடு சொந்தமாக நாலு வரி சேர்த்தவர்கள் கணிசம். பிழைகள் கூடியதாகக்கூடச் சொல்லலாம், ஏனென்றால் மனப்பாடம் செய்ததில் பிழை வராது.

குறையும் இருந்தது. நன்றாகப் படிக்கும் மாணவர்கள் சிலர் போர்ஷன் முடியவில்லை என்று முறையிட்டார்கள். உண்மைதான், கடைசி அலகைத் தேர்வுக்கு முந்தின வாரம் அவசரமாக ஓட்டினார்கள். கௌரவ விரிவுரையாளர் போனது ஒரு காரணம் என்றாலும், அவர் இருந்திருந்தாலும் நேரம் இழுபறியாகத்தான் இருந்திருக்கும். ஆறு மணி நேரப் பாடத்திட்டத்தை நான்கு மணி நேரத்தில் நடத்த முடியாது என்று பாடத்திட்டக் குழுவுக்கு யாராவது எழுதவேண்டும். யாரும் எழுதவில்லை.

முதலில் சொன்ன திருப்பூர் மாணவர் திரும்பி வரவில்லை. கையெழுத்துப் போட்ட இரண்டு நண்பர்களும் அந்தப் பருவத்தில் ஆங்கிலத்தில் தேறினார்கள்.

மாற்ற வேண்டியவை

துறை ஏப்ரலில் கூடிப் பேசியதையும் என் கருத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வகுப்பு பெரிதாவது ஆகஸ்டில் தெரிகிறது. பணிச்சுமை அறிக்கை அதற்கு முன்பே போய்விடுகிறது. 20 சதவீத இடம் கூட்டும்போது, அதனால் சேர்த்து நடத்தும் மொழி வகுப்பு எத்தனை பேராகும், எந்த அறையில் உட்காருவார்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதவேண்டும். ஒரு துறைக்கு 12 பேர் கூடுவது சின்ன விஷயமாகத் தெரியும். மொழி வகுப்பில் அது 24 ஆகிறது. இதை நிர்வாகக் கூட்டத்தில் சொன்னபோது பலருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

எழுத்துப் பயிற்சியைப் போலவே 72 பேர் குழுவையும் நிரந்தர ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் வைத்து, கௌரவ விரிவுரையாளரைத் துணையாக வைத்திருக்கவேண்டும். போகக்கூடியவர் தலையில் பாதி வண்டியை ஏற்றியது தவறு. நூலக மணியை அடியோடு விட்டுவிடலாம். அந்த நேரத்தை மாணவருக்கே கொடுத்தாலும் இதைவிட மோசமாகிவிடாது என்று எனக்குத் தோன்றுகிறது. துறைத்தலைவர் உடன்படவில்லை. வகுப்பு நேரத்தில் மாணவர் வெளியே நின்றால் கேள்வி தன்னிடம்தான் வரும் என்கிறார்.

இரண்டாமாண்டு வகுப்புகளைச் சேர்ப்பதைத் துறை ஏகமனதாகக் கைவிட்டது. தாளைச் சுற்றுக்கு விடும் பழக்கம் கேலரி ஹாலில் இன்னும் இருக்கிறது. குழு வகுப்பின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் முன்புபோல ஏமாற்ற முடியாது.

புதிய கல்வியாண்டுக்கு முதல்வர் இரண்டு கூடுதல் மணி நேரம்தான் ஒதுக்கினார். அதை வைத்து, சேர்ந்து நடக்கும் வகுப்பை நான்குக்குப் பதில் மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள், குழுவுக்கு 48 பேர். எழுத்துப் பயிற்சி மூன்று மணி நேரம், நூலகம் இல்லை. 48 பேரின் நோட்டை ஒரு முறை பார்த்து முடிக்க மூன்று சுற்று ஆகிறது. பணியிடக் கருத்துருவுக்கு இன்னும் பதில் வரவில்லை.